கதகதப்பான ஒலிக்கு எந்த டர்ன்டேபிள்? திருகோணமலை வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை, அலுமாரியின் மேல்தட்டில் கிடந்த அப்பப்பாவின் இசைத்தட்டுகளைக் கீழே இறக்கியவர்கள் என்னிடம் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கடற்கரை ஊரில், சீமெந்துத் தரையும் ஓட்டுக்கூரையும் உள்ள வீடுகளை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இசைத்தட்டுக் கேட்கக் குறைந்தபட்சம் என்னென்ன வாங்க வேண்டும்?

நான்கு பொருட்கள். தட்டைச் சுழற்றி, ஊசியால் அதன் தடத்தைப் படிக்கும் டர்ன்டேபிள். ஊசியிலிருந்து வரும் மிக மெலிந்த மின்சமிக்ஞையைத் திருத்திப் பெருக்கும் போனோ பிரீஆம்ப். அதன்பின் அம்பிளிஃபையர். கடைசியாக ஒரு சோடி ஸ்பீக்கர். சில டர்ன்டேபிள்களுக்குள்ளேயே பிரீஆம்ப் இருக்கும். சில ஸ்பீக்கர்களுக்குள்ளேயே அம்பிளிஃபையர் இருக்கும். அப்படி வாங்கினால் நான்கும் இரண்டாகக் குறையும். தொடங்குபவருக்கு அது நல்ல வழி.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள் என்பேன். கடைக்காரர் டர்ன்டேபிளைத்தான் துடைத்துத் துடைத்துக் காட்டுவார். காதுக்கு வருவது ஸ்பீக்கரின் ஒலி.

வைனில் தட்டின் ஒலி கதகதப்பாக இருக்கும் என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக வருகிறது. தட்டு வெட்டும்போது ஊசி துள்ளாமல் இருப்பதற்காக ஆழ்ந்த ஒலிகளை நடுவில் ஒன்றாக்குவார்கள். 'ச', 'ஸ' போன்ற சீறல்களைக் கட்டுப்படுத்துவார்கள். ஊசியும் தடமும் உரசுவதில் சிறு திரிபு சேர்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் வைனில் குறுந்தட்டை விடத் துல்லியமானது அன்று. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு குறுந்தட்டில் 96 டெசிபெல். வைனிலில் 60 முதல் 70 வரை. அந்தக் குறைபாடுகளின் கலவை நம் காதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் 'கதகதப்பு' என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவர்கள் நினைப்பது வால்வு (கண்ணாடிக் குழாய்) வானொலிப் பெட்டியில் கேட்ட இலங்கை வானொலியை. மத்திய அலையில் உயர்ந்த ஒலிகள் வெட்டப்பட்டு வந்தன. மரப்பெட்டியும் பெரிய ஒற்றை ஸ்பீக்கரும் குரலைத் திரட்டிக் கொடுத்தன. அந்த ஒலிதான் வேண்டுமென்றால், நவீன ஸ்பீக்கர்களில் விலை கூடியதை வாங்க வாங்க அதிலிருந்து விலகிப்போவீர்கள். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சூட்கேஸ் போல மூடித் தூக்கக்கூடிய சிறிய பிளேயர் போதாதா அண்ணா? பார்க்க அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும் (கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைப் பிடித்து, அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சிறு பாகம்). ஊசி 5 கிராம் அளவு எடையோடு தட்டை அழுத்தும். நல்ல கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராம் போதும். எடையைச் சரிசெய்ய வழியும் இல்லை. ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருப்பதால், ஆழ்ந்த ஒலி வரும்போது ஊசியே ஆடும். திரும்பக் கிடைக்காத தட்டுகளை அதில் போடாதீர்கள்.

சிக்கனமாகத் தொடங்க வேண்டுமென்றால் ஓடியோ-டெக்னிக்கா ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற தானியங்கி டர்ன்டேபிள் போதும். ஊசியின் எடை தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டிருக்கும். பிரீஆம்ப் உள்ளேயே உண்டு. பொத்தானை அழுத்தினால் ஊசி தானே இறங்கி, பக்கம் முடிந்ததும் தானே எழும். கை நடுங்கும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன். கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும் மாற்றலாம் என்பதே இதன் எல்லை.

பெல்ட் உள்ளதா, நேரடி மோட்டார் உள்ளதா, எது கதகதப்பான ஒலி தரும்?

பெல்ட் வகையில் மோட்டார் ஓர் இறப்பர்ப் பட்டியால் சுழல்தட்டைச் சுழற்றும்; நேரடி வகையில் மோட்டாரே நேராகச் சுழற்றும். இரண்டில் எதுவும் கதகதப்பைத் தராது. சீரான வேகமும் அதிர்வின்மையும்தான் அவற்றின் வேலை. நேரடி மோட்டாரை டெக்னிக்ஸ் 1970இல் எஸ்பி-10 வழியாகவும், 1972இல் எஸ்எல்-1200 வழியாகவும் பரப்பியது. ரேகா, புரோ-ஜெக்ட் நிறுவனங்கள் பெல்ட்டையே நம்புகின்றன. இருபக்கமும் சிறந்த இயந்திரங்கள் உண்டு.

திருகோணமலைக்கு நான் நேரடி மோட்டார் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு. வெக்கையில் இறப்பர் தளரும். பெல்ட் தளர்ந்தால் பாட்டு அலையும். சரியான அளவுப் பெல்ட்டுக்குக் கொழும்பிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். பெல்ட் இயந்திரம்தான் பிடித்திருக்கிறது என்றால், வாங்கும் அன்றே இன்னொரு பெல்ட்டையும் வாங்கி வையுங்கள்.

அம்பிளிஃபையரின் 'ஆக்ஸ்' குதையில் செருகினேன். ஒலி எங்கோ தொலைவில் கேட்கிறது, கனமே இல்லை. ஏன்?

இடையில் போனோ பிரீஆம்ப் இல்லை. தடத்தில் இடம் பிடிப்பதற்காக, பதியும்போது ஆழ்ந்த ஒலியைக் குறைத்து உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுவார்கள். இரு முனைகளிலும் மாற்றம் 20 டெசிபெல் அளவுக்குப் போகும். 1954இல் ஆர்ஐஏஏ என்ற பொது வரைவு வந்தது. பிரீஆம்ப் அதைத் தலைகீழாக்கி இயல்புக்குக் கொண்டுவருகிறது. சில மில்லிவோல்ட் மட்டுமே உள்ள சமிக்ஞையைப் பெருக்கியும் விடுகிறது.

பழைய அம்பிளிஃபையர்களின் பின்புறத்தில் 'போனோ' என்று எழுதிய குதை இருக்கும். அதில் செருகினால் தனிப் பெட்டி தேவையில்லை. ஆனால் டர்ன்டேபிளுக்குள்ளும் பிரீஆம்ப் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒருசேர வேலை செய்தால் ஒலி உடைந்து அலறும்.

எந்தக் கார்ட்ரிட்ஜ், எந்த ஊசி இதமான ஒலி தரும்?

டர்ன்டேபிளை விட ஒலியின் குணத்தை இது அதிகம் தீர்மானிக்கிறது. முதலில், எம்எம் எனப்படும் நகரும் காந்த வகையை வாங்குங்கள். ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் வீட்டிலேயே இழுத்து மாற்றலாம். எம்சி எனப்படும் நகரும் சுருள் வகையில் பெரும்பாலும் முழுக் கார்ட்ரிட்ஜையும் அனுப்ப வேண்டும். அதன் சமிக்ஞை மெலிந்தது, பிரீஆம்பும் வேறு வேண்டும். முதல் கார்ட்ரிட்ஜாக அது வேண்டாம்.

ஊசி முனை கூம்பாகவோ, நீள்வட்டமாகவோ, இன்னும் நுட்பமான மைக்ரோலைன் வடிவிலோ இருக்கும். கூம்பு முனை தடத்தின் நுணுக்கங்களை முழுதாகத் தொடாது; அதனால் உயர்ந்த ஒலி மழுங்கி, பழைய திரைப்பாடல்கள் மென்மையாக ஒலிக்கும். நீள்வட்டம் தெளிவு தரும். ஓடியோ-டெக்னிக்காவின் விஎம்95 வரிசையில் உடல் ஒன்றே, ஊசிகள் பல என்பதால், மலிவான கூம்பில் தொடங்கிப் பின்பு ஊசியை மட்டும் உயர்த்தலாம். என் காதுக்கு நாகவோகா எம்பி-110 மிக இதமானது. ஓர்டோஃபோன் 2எம் ரெட் சற்றுப் பளிச்சென்றது. குரலும் வீணையும் கேட்பவருக்கு முன்னதைச் சொல்வேன்.

ஊசியின் ஆயுளை மறக்காதீர்கள். ஓடியோ-டெக்னிக்கா தன் நீள்வட்ட ஊசிக்கு 300 மணி, கூம்புக்கு 500, மைக்ரோலைனுக்கு 1000 என்று கணக்குச் சொல்கிறது. நாளுக்கு ஓர் எல்பி (நீண்ட நேர இசைத்தட்டு), அதாவது 40 நிமிடம் கேட்டால், 300 மணி பதினைந்து மாதங்களில் முடிந்துவிடும். தேய்ந்த ஊசி தட்டையும் சேர்த்துத் தேய்க்கும்.

ஊசியின் எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லதுதானே?

இல்லை. அளவுக்குக் கீழே போனால் ஊசி தடத்தில் பதியாமல் சுவருக்குச் சுவர் மோதும். அந்த மோதலே பெரிய சேதம். கார்ட்ரிட்ஜ் தாளில் 1.8 முதல் 2.2 கிராம் என்று இருந்தால் 2.0 அல்லது சற்றுக் கூடுதலாக வையுங்கள். சிறிய மின்னணு ஊசித் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் வீட்டில் ஒலி கூச்சமாக, எதிரொலியோடு கேட்கிறது. டர்ன்டேபிளை மாற்றட்டுமா?

வேண்டாம். அறையை மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

நம் வீட்டு மண்டபங்கள் ஒலிக்குக் கடினமானவை. வெறும் சீமெந்து அல்லது மாபிள் தரை, சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி யன்னல், சுவரோரம் சாய்த்துவைத்த நான்கு பிளாஸ்டிக் கதிரை. உயர்ந்த ஒலிகள் எல்லாம் சுவரில் பட்டுத் தெறித்து மறுபடி காதுக்கு வருகின்றன. எந்தக் கார்ட்ரிட்ஜும் அதை ஈடுசெய்யாது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடித்த கம்பளம் அல்லது இரண்டு மூன்று பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். யன்னலுக்குக் கனமான பருத்தித் திரைச்சீலை. உங்கள் முதுகுக்குப் பின் புத்தக அலுமாரி, பஞ்சு மெத்தை, எதுவானாலும். முன்பும் பின்பும் கையைத் தட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே கேட்கும்.

ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக, ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சிறு கூம்பு) காது உயரத்தில் இருக்க வேண்டும். பின்சுவருக்கு அருகில் நகர்த்தினால் ஆழ்ந்த ஒலி கூடும், தள்ளினால் குறையும். கதகதப்பைக் கூட்டக் காசில்லாத வழி இதுதான். மூலையில் மட்டும் திணிக்காதீர்கள், மிருதங்கம் குடத்துக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும். ஆறரை அங்குல வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு) நடுத்தர அறைக்குப் போதும். பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள்: நுரை விளிம்பு நம் ஈரக் காற்றில் பொடிந்துவிடும், இறப்பர் அல்லது துணி விளிம்பு நிற்கும்.

டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே வைக்கலாமா?

கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியே ஊசிக்கு ஏறி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் மங்கல், பிறகு ஊளை. இந்த விடயத்தில் சீமெந்துத் தரை நமக்கு வரம். மரத்தரை வீடுகளில் நடந்தாலே ஊசி துள்ளுமாம், இங்கே அது இல்லை. கனமான மேசை போதும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

கனடாவிலிருந்து மாமா தன்னுடைய டர்ன்டேபிளை அனுப்புகிறேன் என்கிறார். டிரான்ஸ்ஃபோமர் போட்டால் சரிவருமா?

சில வேளை சரிவராது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹேட்ஸ் (மின்சாரம் நொடிக்கு அலையும் தடவை). இங்கே 230 வோல்ட், 50 ஹேட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டை மட்டும் மாற்றும். மின்சாரத்தின் ஹேட்ஸைப் பார்த்துச் சுழலும் சின்க்ரோனஸ் மோட்டார் உள்ள இயந்திரத்தில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28க்கும் கீழே போய்விடும். பாடகியின் குரல் பாடகர் குரலாகிவிடும். வேறு கப்பி தேவைப்படும். வெளியே அடாப்டர் உள்ளதும், அதில் '100-240V, 50/60Hz' என்று எழுதியிருப்பதும் என்றால் கவலையில்லை. குவாட்ஸ் கட்டுப்பாடுள்ள நேரடி மோட்டாருக்கும் வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

இலண்டனிலோ சுவிஸிலோ உள்ள உறவினர் அனுப்பினால் மின்சாரம் பொருந்தும், பிளக்தான் மாறும். ஜப்பானிலிருந்து வரும் பழைய இயந்திரங்கள் 100 வோல்ட்டுக்கானவை. நேரே செருகினால் புகைதான் மிச்சம். எங்கிருந்து அனுப்பினாலும் சுழல்தட்டையும், ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மின் பின்எடையையும் கழற்றித் தனியே சுற்றி, ஊசிக்கு மூடி போட்டு, டோன் ஆர்மைக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

கொழும்பில் பாவித்த டர்ன்டேபிள் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பின்புறத்தில் ஒட்டிய வோல்ட் அட்டையை முதலில் பாருங்கள். காரணம் மேலே இருக்கிறது. டோன் ஆர்மை விரலால் மெல்ல அசைத்தால் தடங்கலின்றி மிதக்க வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. வேகத்தைப் பார்க்க, கோடுகள் வரைந்த ஸ்ட்ரோப் வட்டம் ஒன்றை அச்சிட்டுக் கொண்டுபோங்கள். 50 ஹேட்ஸில் 33⅓ சுற்றுக்கு 180 கோடுகள் உள்ள வட்டம் அசையாமல் நின்றதுபோல் தெரிய வேண்டும். எல்ஈடி விளக்கின் கீழ் அது தெரியாமல் போகலாம். பழைய குழல் விளக்கு நல்லது. ஊசி எவ்வளவு புதியது என்று விற்பவர் சொன்னாலும், புது ஊசியின் விலையைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

அப்பப்பாவின் ரேடியோகிராம் (வானொலியும் இசைத்தட்டு இயந்திரமும் சேர்ந்த பெட்டி) ஓடுமா? அதில் வரும் ஒலிதான் எங்களுக்கு வேண்டும்.

பல ஆண்டுகள் கிடந்ததை நேரே மின்சாரத்தில் செருகாதீர்கள். உள்ளே உள்ள கப்பாசிட்டர்கள் பழுதாகியிருக்கும், வெடிக்கலாம். தெரிந்தவர் ஒருவர் அவற்றை மாற்றிய பிறகே சுவிட்ச். வானொலிப் பகுதியும் ஸ்பீக்கரும் உயிர்பெற வாய்ப்பு அதிகம். டர்ன்டேபிள் பகுதியில் இறப்பர்ச் சில்லு கல்லாகியிருக்கும், கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜ் செத்திருக்கும். எஞ்சியிருந்தாலும் சூட்கேஸ் பிளேயரைப் பற்றிச் சொன்ன எடைப் பிரச்சினை இதற்கும் உண்டு. நல்ல வழி ஒன்று: புது டர்ன்டேபிளைப் பிரீஆம்ப் வழியாக ரேடியோகிராமின் அம்பிளிஃபையருக்குக் கொடுப்பது. இரண்டாம் பதிலில் சொன்ன வானொலி ஒலி அப்படியே வரும். ஆனால் சில பெட்டிகளில் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும் அமைப்பு உண்டு. வெளியிலிருந்து எதையும் இணைப்பதற்கு முன் தொழில் தெரிந்தவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இந்த ஊரில் பழைய ரேடியோகிராம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அது பிரித்தானியக் கடற்படை அதிகாரியின் பங்களாவிலிருந்து வந்தது என்பார்கள். 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துப் போனது உண்மை; எல்லாப் பெட்டிகளையும் நமக்கு விட்டுப்போனார்களா என்பது வேறு. 'கரார்ட் 301' என்ற பெயர் உள்ளே கண்ணில் பட்டால் மட்டும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1954இல் வந்த அந்த டர்ன்டேபிளைத் தேடி இன்றும் உலகெங்கும் ஆட்கள் அலைகிறார்கள்.

கனமான, உடையக்கூடிய பழைய நாதஸ்வரத் தட்டுகள் இருக்கின்றன. அதே ஊசியில் போடலாமா?

அவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள். அரக்குக் கலவையால் ஆனவை. தடம் எல்பியை விடப் பல மடங்கு அகலம். எல்பி ஊசி அடியில் விழுந்து இரைச்சலைத்தான் பொறுக்கும். 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) பருமனுள்ள தனி ஊசி வேண்டும். விஎம்95 வரிசையில் எஸ்பி என்ற எழுத்தோடு உள்ளது அதற்கானது, 5 கிராம் எடையில் ஓடும். டர்ன்டேபிளிலும் 78 வேகம் இருக்க வேண்டும்: ஏடி-எல்பி120எக்ஸ்-இல் உண்டு, ரேகா பிளேனர் 1-இல் இல்லை. பெரும்பாலும் ஆர்ஐஏஏ வரைவுக்கு முந்தியவை என்பதால் டோன் குமிழைக் காதுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இவற்றை அல்கஹோல் கலந்த திரவத்தால் ஒருபோதும் துடைக்காதீர்கள். அரக்கு கரைந்துவிடும்.

கடற்காற்றும் பூஞ்சணமும் தட்டைக் கெடுக்காதா?

தட்டை விட உறையைத்தான் முதலில் கெடுக்கும். மாரியில், கார்த்திகை முதல் தை வரை, காகித உறைகளில் பூஞ்சணம் ஏறும். உள்ளுறையைப் பொலித்தீன் பூசியதாக மாற்றுங்கள். தட்டுகளை நிமிர்த்தி, சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த வைனிலை வாலை வடிநீரில் வாசனையற்ற பாத்திரத் திரவம் ஒரு துளி விட்டுக் கழுவி, வெறும் வடிநீரால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். கிணற்று நீர் வேண்டாம். காய்ந்ததும் அதன் உப்பு தடத்திலேயே நிற்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தூசுதான் எதிரி. மூடியைப் போட்டே வையுங்கள்.

கார்ட்ரிட்ஜின் பின்னுள்ள நான்கு சிறு முனைகளையும் இணைப்புக் குதைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைத்துச் செருகுங்கள். திடீரென ஒரு பக்கம் ஒலி நின்றால் பெரும்பாலும் உப்புப் பூத்த முனைதான் காரணம். ஈரக் காற்றால் ஒரு நன்மையும் உண்டு: குளிர் நாட்டவரை வாட்டும் நிலைமின் சடசடப்பு இங்கே மிகக் குறைவு.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் நிற்கவே இல்லை.

டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய மண் (எர்த்) கம்பியைப் பிரீஆம்பின் திருகில் கட்டினீர்களா? பாதி வீடுகளில் அது பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். கட்டியும் நிற்காவிட்டால், பிரீஆம்பை டிரான்ஸ்ஃபோமரிலிருந்து தள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மின்பலகையிலிருந்து இயக்குங்கள். பிளக்கின் மண் காலை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

மின்வெட்டின்போது யூபிஎஸ்ஸில் ஓட்டலாமா?

அடாப்டரில் ஓடும் இயந்திரங்களை ஓட்டலாம். சின்க்ரோனஸ் மோட்டாருக்கு மலிவான யூபிஎஸ்ஸின் சதுர அலை ஒத்துவராது, மோட்டார் முனகும். இடி மின்னல் மாலைகளில் எல்லாவற்றையும் பிடுங்கி வையுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் என்ன?

கேட்கலாம். ஆனால் தடத்திலிருந்து எடுத்ததை எண்ணாக்கிச் சுருக்கி அனுப்புகிறது. அதற்குக் கைபேசியே போதுமே.

வால்வு அம்பிளிஃபையர் வாங்கினால் கதகதப்பு நிச்சயம்தானே?

நல்ல வால்வு அம்பிளிஃபையர் இனிய திரிபைச் சேர்க்கும், உண்மைதான். ஆனால் அது அறையைச் சூடாக்கும், உள்ளே உயிரைக் குடிக்கும் வோல்ட் உண்டு, வால்வு குதைகள் உப்புக்காற்றில் கறுக்கும். வால்வு ஒன்றைக் காட்சிக்கு நட்டு, அடியில் செம்மஞ்சள் எல்ஈடி எரியவிட்டு விற்கும் மலிவுப் பெட்டிகளும் வருகின்றன. அந்தப் பணத்துக்கு நல்ல ஊசி வாங்குங்கள். அறையும் ஸ்பீக்கரும் சரியான பிறகு வால்வைப் பற்றிப் பேசுவோம்.

பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது. முதல் பாட்டு நன்றாக இருக்கிறதே?

எல்பியின் வெளிவிளிம்பில் தடம் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் ஓடுகிறது. உள்ளே போகப்போக 21 அளவுக்குச் சுருங்கும். அதே நுணுக்கம் பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கப்படுவதால் கூம்பு ஊசி திணறும். கார்ட்ரிட்ஜ் கோணலாக இருந்தால் இன்னும் மோசம். கோணத் தாளை அச்சிட்டுச் சரிபாருங்கள். அச்சடித்ததும் அதிலுள்ள அளவுகோட்டை அடிமட்டத்தால் அளந்து பார்க்க வேண்டும், அச்சு இயந்திரம் சுருக்கியிருக்கும். அதன் பிறகும் கரகரத்தால் நீள்வட்டம், முடிந்தால் மைக்ரோலைன். எதுவும் உதவாவிட்டால், முன்பு யாரோ தேய்ந்த ஊசியால் அந்தத் தடத்தை உழுதிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன எல்லாம் செய்தேன். இன்னும் சற்றுக் கூர்மையாகவே இருக்கிறது.

டோன் ஆர்மின் பின்பகுதி தூக்கி நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். தட்டுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். அடுத்தது கேபிள். எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு மின்தேக்கம் (கேபிளும் பிரீஆம்பும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) கூடினால் உயர்ந்த ஒலியில் மேடு எழும். விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200 பிகோஃபராட் வரை போதும். நீண்ட மலிவுக் கேபிளோடு பிரீஆம்பின் சொந்த மின்தேக்கமும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். கேபிளை ஒரு மீற்றருக்குள் குறைத்துப் பாருங்கள். பழைய ஒற்றை ஒலித் தட்டென்றால் அம்பிளிஃபையரின் 'மோனோ' பொத்தானை அழுத்துங்கள், இரைச்சலில் ஒரு பகுதி மறையும்.

அதற்கும் பிறகு மிஞ்சுவதற்கு டிரெபிள் குமிழ் இருக்கிறது. இடப்புறம் ஒரு கோடு திருப்புங்கள்.